கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டி ஏன் இவ்வளவு காலியாகக் கிடக்கிறது?

கேள்வி இதுதான்: "கலிபோர்னியாவின் கிழக்கு எல்லையில் இன்யோ என்று ஒரு பெரிய கவுண்டி இருக்கிறது. ஒரு பக்கம் பனிமலை, நடுவில் ஆறு, தெற்கே சில மணி நேரப் பயணத்தில் லாஸ் ஏஞ்சலஸ். ஆனாலும் சொல்லிக்கொள்ளும்படி ஊர்களே இல்லை. ஏன்? அந்த இடத்தின் புவியியலையும் வரலாற்றையும் விளக்க முடியுமா?"

'பாலைவனம், அதனால் ஆளில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. கவுண்டியின் கிழக்குப் பகுதிக்கு அந்தப் பதில் பொருந்தும். மேற்கே இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. அங்கே ஆறு ஓடியது, வாய்க்கால்கள் இருந்தன, பழத்தோட்டங்கள் இருந்தன, வங்கிகள்கூட இருந்தன. அந்த நிலத்தைக் காலி செய்தது வெயில் அல்ல, கிரயப் பத்திரம்.

கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. இன்யோவின் பரப்பு சுமார் 26,400 சதுர கிலோமீட்டர். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோவுக்கு அடுத்துப் பெரியது இதுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே வசித்தவர்கள் 19,016 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூடத் தேறாது. நகராட்சி என்ற தகுதி பெற்ற ஒரே ஊர் வடக்கே உள்ள பிஷப்; அதிலும் நாலாயிரம் பேர்கூட இல்லை. தலைநகரான இண்டிபெண்டன்ஸில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. ஆனால் நெடுந்தூண்கள் வைத்த கம்பீரமான நீதிமன்றக் கட்டடம் ஒன்று அங்கே நிற்கிறது. 1920களின் தொடக்கத்தில் அதைக் கட்டியவர்கள், ஊர் பெருகும் என்று நம்பித்தான் கட்டியிருக்க வேண்டும்.

முதலில் நில அமைப்பு. மேற்கு எல்லையில் சியரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சியான விட்னி மலை 4,421 மீட்டர். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவிலேயே உயரமான இடம். அதே கவுண்டியின் கிழக்கே மரணப் பள்ளத்தாக்கில் உள்ள பேட்வாட்டர், கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர். வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 140 கிலோமீட்டர்கூட இல்லை. இந்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட்டு மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வோர் ஆண்டும் ஜூலை வெயிலில் பேட்வாட்டரிலிருந்து விட்னி மலையடிவாரம் வரை 217 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடத்துகிறார்கள். அதில் ஓடுவதற்கு இடம் கிடைக்காமல் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத சங்கதி.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியராவின் மேற்குச் சரிவில் ஏறும்போதே மழையையும் பனியையும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே இருக்கும் இன்யோ முழுவதும் மழை மறைவுப் பகுதி. சியராவைத் தாண்டினால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. அதற்குக் கிழக்கே வெள்ளை மலைகளும் இன்யோ மலைகளும். அதற்கப்பால் பனமிண்ட் மலை. அதற்கும் அப்பால்தான் மரணப் பள்ளத்தாக்கு. ஒவ்வொரு மலைவரிசையும் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பிழிந்துவிடுவதால் மரணப் பள்ளத்தாக்குக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஐந்து சென்டிமீட்டர் அளவு மழைதான். அங்கே கிரீன்லாந்து பண்ணை என்று பெயர் வைத்த இடத்தில் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலகிலேயே அதிக வெப்பம் என்ற அந்தச் சாதனையைச் சில வானிலை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனாலும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது நீடிக்கிறது.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் கதை வேறு. அங்கே மழை இல்லை என்றாலும் சியராவின் பனி உருகி ஓடைகளாகக் கிழக்கிலும் இறங்குகிறது. அந்த ஓடைகள் எல்லாம் ஓவன்ஸ் ஆற்றில் சேர்கின்றன. ஆறு தெற்கு நோக்கி ஓடி, வெளியேற வழியில்லாமல் ஓவன்ஸ் ஏரியில் முடிந்தது. வானம் தராததை மலை தந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு அமைப்புதான் காரணம்.

இந்தப் பள்ளத்தாக்கு ஆறு அரித்து உண்டானது அல்ல. இரு பக்கமும் மலைகள் உயர, நடுவில் நிலம் பிளந்து கீழிறங்கியது. அந்த இறக்கம் இன்னும் முடியவில்லை. 1872 மார்ச் 26 அதிகாலை இரண்டரை மணி வாக்கில் லோன் பைன் ஊரில் நிலநடுக்கம் வந்தது. கலிபோர்னியாவின் எழுதப்பட்ட வரலாற்றில் மிகப் பெரிய நிலநடுக்கங்களில் அது ஒன்று. ஊரிலிருந்த சுமார் 60 வீடுகளில் 50க்கும் மேற்பட்டவை இடிந்தன; 27 பேர் மாண்டார்கள். வீடுகள் பெரும்பாலும் பச்சை மண்கல்லால் கட்டியவை, அதனால்தான் இத்தனை சாவு. ஊருக்கு மேற்கே நிலம் விலகிய இடத்தில் ஏற்பட்ட மேட்டை இன்றும் பார்க்கலாம்.

பள்ளத்தாக்கின் முதல் விவசாயிகள் வெள்ளையர்கள் அல்லர். ஓவன்ஸ் பள்ளத்தாக்குப் பையூட் மக்கள், ஐரோப்பியர் இங்கே கால் வைப்பதற்கு வெகு முன்பே ஓடைகளைத் தடுத்து, கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள். அவர்கள் நெல்லோ சோளமோ விதைக்கவில்லை. தானாக முளைக்கும் மஞ்சள் கோரை போன்ற செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக் கிழங்கைப் பெருக்கினார்கள். இன்றைய பிஷப் ஊர் இருக்கும் பகுதியில் பாசன நிலம் ஓடைக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இருந்தது. ஓராண்டு ஒன்றுக்கு நீர், மறு ஆண்டு மற்றதற்கு. நீர் பாய்ச்சும் பொறுப்பை ஏற்பவரை ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும். வசந்தத்தில் ஓடையின் குறுக்கே மண்ணும் கல்லும் குச்சியும் வைத்து அணை கட்டி, நீளமான கழியால் நீரைத் திருப்பிவிடுவது அவர் வேலை. அறுவடைக் காலத்தில் அணையைப் பிரித்துவிட, ஓடையிலும் வாய்க்காலிலும் நீர் வற்றியதும் தரையில் துள்ளும் மீனைப் பொறுக்கிக்கொள்வார்கள். இலையுதிர் காலத்தில் மலைக்குப் போய்ப் பைன் கொட்டை சேர்ப்பது, ஏரிக்கரையில் உப்புநீர் ஈக்களின் கூட்டுப்புழுவை அள்ளி உலர்த்துவது என்று ஆண்டு முழுவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது.

1861இல் மாட்டு மந்தைகள் வந்தன. வெளியூரில் இருந்த சுரங்கக் கூட்டத்துக்கு இறைச்சி விற்கும் வியாபாரம் அது. மாடுகள் மேய்ந்த புல்வெளி, பையூட் மக்களின் பாசன வயல். அந்தக் குளிர்காலமும் கொடுமையாக இருந்தது. உணவை இழந்தவர்கள் மாட்டைக் கொன்று தின்றார்கள். மாட்டுக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். 1862 ஜூலை 4 அன்று ராணுவம் முகாம் அமைத்தது. அமெரிக்கச் சுதந்திர தினம் என்பதால் அந்த முகாமுக்கு இண்டிபெண்டன்ஸ் என்று பெயர். பிறகு ஊருக்கும் அதுவே ஆனது. 1863 ஜூலையில் ஏறக்குறைய ஆயிரம் பையூட் மக்களைச் சிப்பாய்கள் நடத்தியே தெற்கே டெஹோன் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் செத்தவர்களும் உண்டு, தப்பி ஓடியவர்களும் உண்டு. அங்கே உணவுக்கு வழியில்லாததால் பலர் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் நிலம் வேறொருவர் பெயரில். தங்கள் முன்னோர் வெட்டிய வாய்க்கால் பாயும் பண்ணையில் கூலிக்கு நின்றார்கள். 1866இல் இன்யோ கவுண்டி உருவானபோது இந்தக் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

பள்ளத்தாக்குக்கும் ஆற்றுக்கும் ஏரிக்கும் பெயர் கொடுத்த ரிச்சர்ட் ஓவன்ஸ் இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. தன் பயணக்குழுவில் இருந்தவரைக் கௌரவிக்க, அமெரிக்க மேற்கை ஆராய்ந்த பயணி ஜான் ஃப்ரீமான்ட் வைத்த பெயர் அது. லோன் பைன் அருகே உருண்டைப் பாறைகள் குவிந்து கிடக்கும் அலபாமா குன்றுகளுக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டுறவு கிடையாது. உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களை ஆதரித்த சுரங்கக்காரர்கள், வடக்கின் கப்பல்களை வேட்டையாடிய அலபாமா என்ற போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். 1864இல் அந்தக் கப்பலை வடக்கின் கியர்சார்ஜ் மூழ்கடித்ததும், எதிர்த் தரப்பினர் பக்கத்து மலைக்கும் கணவாய்க்கும் கியர்சார்ஜ் என்று பெயரிட்டுப் பழிதீர்த்துக்கொண்டார்கள். கடலே கண்ணில் படாத ஊரில் ஒரு கடற்போர். பிற்காலத்தில் ஹாலிவுட் அந்தக் குன்றுகளைப் படப்பிடிப்புக்குப் பிடித்துக்கொண்டது. குதிரை வீரர்கள் துரத்தும் படங்கள் நூற்றுக்கணக்கில் எடுத்ததோடு, பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையாகவும் இதையே காட்டினார்கள்.

இனி வெள்ளி. ஓவன்ஸ் ஏரிக்குக் கிழக்கே, இன்யோ மலையில் ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செர்ரோ கோர்டோ. 1865 வாக்கில் மெக்சிகோக்காரர்கள் அங்கே வெள்ளி கண்டார்கள். மூன்று ஆண்டுகளில் மார்டிமர் பெல்ஷா என்பவர் வந்து, மலைக்கு ஒரு பாதை போட்டுச் சுங்கம் வசூலித்து, உருக்காலை கட்டி, சுரங்கத்தைவிடப் பாதையிலேயே அதிகாரத்தைப் பிடித்தார். வெள்ளியும் ஈயமும் கலந்த கட்டிகளைக் கோவேறு கழுதை வண்டிகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் இழுத்துச் சென்று லாஸ் ஏஞ்சலஸில் சேர்த்தன. ஏரியைச் சுற்றிப் போகும் தொல்லையைக் குறைக்க 1872இல் பெஸ்ஸி பிரேடி என்ற நீராவிக் கப்பலையே ஏரியில் விட்டார்கள். உருக்கும் வேகத்துக்கு வண்டிகள் ஈடுகொடுக்காமல் ஒரு கட்டத்தில் கட்டிகள் கரையில் மலைபோல் தேங்கின. வேலையாட்கள் அவற்றைச் செங்கல்லாக அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே கித்தானைப் போட்டுக் குடியிருந்தார்கள். வெள்ளிச் சுவருக்குள் தூங்கிய கூலிகள் வேறெங்காவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

இந்த வண்டிப் போக்குவரத்தை நடத்தியவர் ரெமி நாடோ. அவருடைய கழுதைகளுக்கு வேண்டிய வைக்கோலும் வாற்கோதுமையும், சுரங்கத்துக்கு வேண்டிய சரக்கும் லாஸ் ஏஞ்சலஸில் கொள்முதலாயின. அன்று சில ஆயிரம் பேர் வாழ்ந்த தூசி படிந்த சிற்றூர் அது. தலை நிமிர்வதற்கு இன்யோவின் வெள்ளி அதற்குக் கைகொடுத்தது. அந்த நன்றியை ஊர் எப்படித் திருப்பிச் செலுத்தியது என்பது அடுத்த அத்தியாயம்.

அதற்கு முன் மரணப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சுருக்கமாக. 1849 இறுதியில் தங்கம் தேடிக் குறுக்கு வழியில் வந்த குடும்பங்கள் அங்கே மாட்டிக்கொண்டன. வெளியேறியவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. 1881இல் அங்கே வெண்காரம் கண்டறியப்பட்டது. 1883 முதல் 1888 வரை ஹார்மனி ஆலை இயங்கியது. சீனத் தொழிலாளர்கள் உப்புத் தரையைச் சுரண்டி எடுத்ததைக் காய்ச்சி, 265 கிலோமீட்டர் தள்ளி மொஹாவி ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு சரக்கு வண்டி, பின்னால் தண்ணீர்த் தொட்டி, முன்னால் பதினெட்டுக் கோவேறு கழுதையும் இரண்டு குதிரையும். பின் சக்கரத்தின் உயரம் ஏழு அடி. ஓட்டுபவர் கையில் ஒரே ஒரு கயிறு. வளைவில் திரும்பும்போது, கழுதைகளை வண்டியோடு பிணைத்த நடுச் சங்கிலி நேராக இழுபட்டு வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிடும் அல்லவா? அதனால் சில இணைக் கழுதைகள் மட்டும் சங்கிலியைத் தாண்டி எதிர்ப்புறம் குதித்து, பக்கவாட்டில் நடந்து, வளைவு முடிந்ததும் மறுபடி இந்தப் பக்கம் குதிக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தன் முறைக்குக் குதிக்கும்படி பழக்கியிருந்தார்கள். ஐந்தாண்டுதான் ஓடின அந்த வண்டிகள். ஆனால் வெண்கார விளம்பரம் அவற்றைப் பல தலைமுறைக்கு ஓட்டியது.

டிம்பிஷா ஷோஷோனி மக்களின் வீடு அந்தப் பள்ளத்தாக்கு. 1933இல் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1994இல் அது தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பூங்காவுக்கு உள்ளேயே சுமார் 300 ஏக்கரும், வெளியே இன்னும் சில ஆயிரம் ஏக்கரும் அவர்களுக்குத் திரும்பின.

இப்போது தண்ணீர். 1900இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு லட்சம் பேர். பத்தே ஆண்டுகளில் அது மூன்று லட்சத்தைத் தாண்டியது. உள்ளூர் ஆறு தாங்காது என்பது பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன், நகரின் நீர்த்துறைத் தலைவர் வில்லியம் முல்ஹாலண்டை 1904இல் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓவன்ஸ் ஆற்றைக் காட்டினார். ஆறு உயரத்தில், நகரம் தாழ்வில். பம்பு இல்லாமலே தண்ணீர் வந்து சேரும்.

அதே நேரத்தில் மத்திய அரசின் நீர்ப்பாசனத் துறை, பள்ளத்தாக்கு விவசாயிகளுக்காகவே ஒரு பாசனத் திட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தத் துறையின் வட்டாரப் பொறியாளர் ஜே. பி. லிப்பின்காட், நகரத்திடமும் ஆலோசகராகச் சம்பளம் வாங்கினார். ஈட்டன் ஆற்றங்கரை நிலங்களை வாங்கிக்கொண்டே போனார். அரசுத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று பலர் எண்ணி விற்றார்கள். 1905 ஜூலை இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்று விஷயத்தை வெளியிட்டபோது கதை முடிந்திருந்தது. 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் நின்றார். மரமே இல்லாத பள்ளத்தாக்கு நிலத்தையும் காப்புக்காடு எல்லைக்குள் சேர்த்தார்கள். புதிதாகக் குடியேறி நீருரிமை கோருகிறவர்களைத் தடுக்க அதைவிட எளிய வழி கிடையாது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பத்திரிகை முதலாளிகளும் ரயில் முதலாளிகளும் சேர்ந்து நிலம் வாங்கிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். இதைச் சதி என்பவர்களும் உண்டு, சாமர்த்தியம் என்பவர்களும் உண்டு. சட்டத்துக்கு உட்பட்டே பெரும்பாலும் நடந்தது என்பது உண்மை. அதனால் நியாயமாகிவிடாது என்பது என் எண்ணம்.

375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் 1908இல் தொடங்கி ஐந்தாண்டில் முடிந்தது. சுரங்க வழிகள், பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறும் ராட்சதக் குழாய்கள், முழுக்க முழுக்கப் புவியீர்ப்பு விசை. பொறியியலாகப் பார்த்தால் அசாத்தியமான வேலை. 1913 நவம்பர் 5 அன்று மதகு திறந்து தண்ணீர் பாய்ந்தபோது முல்ஹாலண்ட் பேசியது இவ்வளவுதான்: "இதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்."

முதல் பத்தாண்டு பெரிய தகராறு இல்லை. கால்வாய் தலைப்புக்கு வடக்கே இருந்த பண்ணைகள் பிழைத்துக்கொண்டன. 1920களின் வறட்சி வந்ததும் நகரத்துக்கு இன்னும் தண்ணீர் வேண்டியிருந்தது. மேலே லாங் வேலியில் பெரிய அணை கட்டியிருந்தால் இருவருக்கும் போதியிருக்கலாம். ஆனால் அந்த இடம் ஈட்டன் கையில் இருந்தது. அவர் பத்து லட்சம் டாலர் கேட்டார், முல்ஹாலண்ட் தர மறுத்தார். இரண்டு பழைய நண்பர்களின் வீம்புக்கு விலை கொடுத்தது பள்ளத்தாக்கு. நகரத்தின் ஆட்கள் வாய்க்கால் வாய்க்காலாக நிலம் வாங்கினார்கள். பத்து வீட்டுக்குப் பொதுவான வாய்க்காலில் ஆறு பேர் விற்றுவிட்டால், தூர் வாரும் செலவு மிச்ச நாலு பேர் தலையில். அவர்களும் விற்க வேண்டியதுதான்.

1924 மே மாதம் லோன் பைன் அருகே கால்வாய்க்கு வெடி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று சுமார் எழுபது பேர் அலபாமா மதகைக் கைப்பற்றி, சக்கரங்களைத் திருகி, நகரத்துக்குப் போகும் தண்ணீரைப் பழைய ஆற்றுப் படுகையில் திறந்துவிட்டார்கள். பிறகு அது போராட்டமா திருவிழாவா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள், மாட்டிறைச்சி சுட்டார்கள். பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் இசைக்குழுவை அனுப்பிவைத்தார். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் கண்டும் காணாமல் இருந்தார். நான்கு நாளில் கலைந்தார்கள். போராட்டத்தின் முதுகெலும்பு வில்ஃப்ரெட், மார்க் வாட்டர்சன் என்ற சகோதரர்கள். பள்ளத்தாக்கின் வங்கிகள் அவர்களுடையவை. 1927 ஆகஸ்டில் வங்கிகள் மூடப்பட்டன. கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பெரும் பணம் காணோம். ஊரைக் காப்பாற்றத்தான் அந்தப் பணத்தைத் திருப்பிவிட்டோம் என்றார்கள். பலர் நம்பவும் செய்தார்கள். நடுவர் குழுவில் இருந்தவர்கள் அவர்களை வளர்த்த அதே ஊர்க்காரர்கள். குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அழுதார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. சேமிப்பு போனவர்களுக்கு எதிர்க்கத் தெம்பு இல்லை. வெடிமருந்தால் முடியாததை ஒரு வங்கித் திவால் முடித்துவைத்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சில், ஓவன்ஸ் நீரைத் தேக்கிவைக்க முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை நள்ளிரவில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது இன்யோவில் அல்ல, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே. முல்ஹாலண்டின் பொதுவாழ்வு அதோடு முடிந்தது.

1933 வாக்கில் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் நூற்றுக்கு 95 பங்கும், ஊர்களுக்குள் இருந்த சொத்தில் 85 பங்கும் லாஸ் ஏஞ்சலஸ் கையில். இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. இன்று கவுண்டியின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மத்திய அரசுக்குச் சொந்தம்: பூங்கா, காடு, பொது நிலம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு ஏறக்குறைய நான்கு சதவீதம். தனியாருக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. நான்கு சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் தண்ணீர் பாய்ந்த, மனிதன் வாழத்தக்க பள்ளத்தாக்குத் தரையின் பெரும்பகுதி அந்த நான்கு சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

பையூட் மக்களுக்கு என்ன ஆயிற்று? பண்ணைகள் போனதும் கூலிவேலையும் போனது. 1930களின் கடைசியில் மத்திய அரசும் நகரமும் நிலம் மாற்றிக்கொண்டன. பையூட்களுக்காக ஒதுக்கியிருந்த சுமார் 2,900 ஏக்கர் நகரத்துக்கு; பதிலாக பிஷப், பிக் பைன், லோன் பைன் ஊர்களை ஒட்டிச் சுமார் 1,400 ஏக்கர் பையூட்களுக்கு. நீருரிமையை மட்டும் நகரம் மாற்றித் தரவில்லை. அதற்கு நகர வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும் என்று நகரச் சாசனம் சொல்கிறது. அந்த விவகாரம் இன்றுவரை தீரவில்லை.

நகரம் வாங்கிக் காலி செய்த ஊர்களில் ஒன்று மான்சனார். 1910 முதல் அங்கே ஆப்பிளும் பேரிக்காயும் விளைந்தன. 1920களின் முடிவில் ஊர் கலைந்தது. 1942இல் அந்த நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜப்பானுடன் போர் மூண்ட பிறகு, மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை விசாரணை ஏதுமின்றி உள்நாட்டு முகாம்களில் அடைத்தார்கள் அல்லவா, அந்தப் பத்து முகாம்களில் ஒன்று இங்கே. மொத்தம் 11,070 பேர் இருந்தார்கள்; பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள், இருபதுக்கு இருபத்தைந்தடி அறையில் எட்டுப் பேர் வரை, தடுப்பே இல்லாத கழிப்பறை, பலகை இடுக்கு வழியே இரவெல்லாம் உள்ளே வரும் புழுதி. 1942 டிசம்பர் 6 அன்று முகாமில் எழுந்த கொந்தளிப்பில் சிப்பாய்கள் சுட்டு இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

அடைபட்டவர்களில் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் நிறையப் பேர். பழைய குடியானவர்கள் விட்டுப்போன பேரி மரங்களும் ஆப்பிள் மரங்களும் பதினைந்து ஆண்டாகக் கவனிப்பாரற்று முகாமுக்குள் நின்றன. கவாத்து செய்து, தண்ணீர் விட்டு, மறுபடி காய்க்க வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு முன் வரிசையில் நிற்கும் இடத்திலெல்லாம் கல்லடுக்கிக் குளம் வெட்டினார்கள். 1945 நவம்பரில் முகாம் மூடிய பிறகு கொட்டகைகளை விற்றுவிட்டார்கள், குளங்கள் மணலில் புதைந்தன. 1992இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்த பிறகு தோண்டி எடுத்திருக்கிறார்கள். நூறு வயது கடந்த சில பேரி மரங்கள் இன்னும் காய்க்கின்றன.

ஆறு திசை மாறியதால் 1920களின் நடுப்பகுதியிலேயே ஓவன்ஸ் ஏரி வற்றிவிட்டது. நீராவிக் கப்பல் ஓடிய ஏரி, சுமார் 280 சதுர கிலோமீட்டர் உப்புத் தரை ஆனது. காற்றடித்தால் வெண்புழுதி எழுந்து கீலர் போன்ற கரையோரச் சிற்றூர்களை மூடும். நுண்துகள் மாசுக்கு அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஒற்றை ஊற்றாக அது இருந்தது. 1970இல் இரண்டாம் கால்வாயைத் திறந்து, அதை நிரப்ப நகரம் நிலத்தடி நீரையும் உறிஞ்சியபோது ஊற்றுகளும் புல்வெளிகளும் காய்ந்தன. 1972இல் கவுண்டி வழக்குப் போட்டது. துப்பாக்கியும் வெடிமருந்தும் சாதிக்காததை, புதிதாக வந்த சுற்றுச்சூழல் சட்டங்கள் மெல்லச் சாதித்தன. 2001 முதல் ஏரித் தரையில் மெல்லிய நீர்ப்படலம் விடுவது, சரளை பரப்புவது, உப்புப் புல் வளர்ப்பது என்று நகரம் இருநூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்திருக்கிறது. 2006 டிசம்பரில் வறண்டு கிடந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் 100 கிலோமீட்டருக்கு மறுபடி தண்ணீர் விட்டார்கள். ஆற்றோரம் நாணல் மண்டியது. ஏரிக்குக் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. ஏரி நிறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. புழுதியை அடக்கும் அளவுக்கு ஈரம், அவ்வளவே.

உள்ளூர்க்காரர்கள் சிலர் வேறொன்றும் சொல்வார்கள். நகரம் வாங்காமல் இருந்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுமனையும் வணிக வளாகமும் ஆகியிருக்கும். வேலியில்லாத இந்த வெளி மிஞ்சியதே லாஸ் ஏஞ்சலஸின் பேராசையால்தான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பிஷப்பில் வீடு கட்ட மனை கிடைக்காமல் அல்லாடும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ அந்த வாதம் இனிக்காது. ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெற்று நிலம். அதை விற்பதா குத்தகைக்கு விடுவதா என்று தீர்மானிப்பவர்கள் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். மாடு மேய்ப்பவர்களும் அந்த நகரத்திடம்தான் குத்தகை எடுக்கிறார்கள்.

மரங்களைப் பற்றியும் ஒரு சொல். பிக் பைனிலிருந்து வெள்ளை மலைகள் மேல் ஏறினால் 3,000 மீட்டருக்கு மேல் பிரிசில்கோன் பைன் காடு. சத்தில்லாத வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில் வேறெதுவும் முளைக்காததால் போட்டியே இல்லாமல் மெதுவாக வளரும் மரங்கள். 1957இல் எட்மண்ட் ஷுல்மன் வளையங்களை எண்ணி வயது கண்ட மெதூசலா மரத்துக்கு இப்போது 4,800 ஆண்டுக்கு மேல். அது எந்த மரம் என்பதை வனத்துறை அதிகாரப்பூர்வமாகக் காட்டுவதில்லை. பழம்பொருளில் மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பின் பிழையை, இந்த மரங்களின் வளையங்களை வைத்துத்தான் திருத்தினார்கள். அதனால் ஐரோப்பாவின் பல தொல்லியல் காலங்கள் பல நூற்றாண்டு பின்னுக்குப் போயின.

நேரில் பார்க்க வேண்டுமானால் 395ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கிலிருந்து வடக்கே போங்கள். ஓவன்ஸ் ஏரி, லோன் பைன், மான்சனார், இண்டிபெண்டன்ஸ், பிக் பைன், பிஷப் என்று நான் சொன்னதில் பெரும்பகுதி வரிசையாக வரும். அலபாமா மதகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. பிரிசில்கோன் காட்டுக்குச் செல்லும் சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மரணப் பள்ளத்தாக்குக்கோ நவம்பர் முதல் மார்ச் வரை சரியான காலம். கோடையில் போகாதீர்கள், போயே தீருவேன் என்றால் வண்டி நிறையத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள், கைபேசியை மட்டும் நம்பிக் கிளைச்சாலையில் திரும்பாதீர்கள். பல இடங்களில் அதற்குச் சிக்னல் கிடைக்காது.